அந்த வீட்டுக்கு நான் கொண்டுபோகாத யோசேப்பு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

செம்பூரில் நடக்கும் உங்கள் பயிற்சி நாளுக்கு வந்து பேசும்படி கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் குரலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர்கள் தலையாட்டத் தொடங்கினால் அது தானாக உயரும், உயர்ந்த பிறகு நான் சொல்ல நினைக்காததையும் சொல்லும். எழுதும்போது அந்த ஆபத்து கொஞ்சம் குறைவு.

வீட்டு ஜெபக்கூட்டத்தை எந்தப் பாட்டில் தொடங்குவது, யாரை ஜெபிக்கச் சொல்வது, குழந்தைகள் தூங்குமுன் எப்படி முடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். உங்களில் பலர் வேதத்தைக் கைபேசியில் ஆங்கில எழுத்தில் வைத்துத் தமிழாக வாசிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் அச்சிட்ட தமிழ் வேதத்தை வரி வரியாக அடிக்கோடிட்டு வாசித்தவன். அப்படி வாசித்தும் எனக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தாராவி சபையில் குருப்பட்டம் பெறாத பிரசங்கியாராகவும், வீட்டுக் கூட்டங்களுக்குப் பொறுப்பாளனாகவும் நெடுங்காலம் இருந்தேன். தேதி, கிழமை, திருநாள் எதுவும் எனக்கு மறக்காது. யார் வீட்டில் எந்த வருஷம் எந்தக் கதையைப் பேசினேன் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். ஒரு வீட்டில் ஒரு கதையை இரண்டாம் முறை பேசக்கூடாது என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம். சபையில் அதை மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை நீங்களும் சீக்கிரம் பழகிவிடுவீர்கள். வீட்டைப் பார்த்துக் கதை எடுப்பது. வேலை போனவன் வீடென்றால் எலியாவும் காகமும். சகோதரர்கள் பேசிக்கொள்ளாத வீடென்றால் யாக்கோபும் ஏசாவும். பையன் குடிக்க ஆரம்பித்த வீடென்றால் கெட்டகுமாரன். கதவைத் தட்டும்போதே உள்ளே இருப்பவர்களுக்கு இன்றைக்கு எது வரும் என்று தெரியும். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து எட்டி எடுத்துக் கொடுப்பதுபோல நாங்கள் கதைகளை எடுத்துக் கொடுத்தோம்.

இதில் எனக்கு முதல் அடி வாஷியில் விழுந்தது. அங்கே புது ஃபிளாட் வாங்கிய ஒருவர் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அழைத்தார். புதுவீடு என்றவுடன் சகேயுவை எடுத்தேன். இயேசு இன்றைக்கு இந்த வீட்டில் தங்கப் போகிறார் என்று தொடங்கி, சகேயு குள்ளன், வரி வசூலிக்கிறவன், அநியாயமாகச் சேர்த்தவன் என்று விரிவாகப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் குள்ளம். வரி இலாகாவில் அதிகாரி. முதலில் சிரித்தது அவர் மனைவிதான். வீட்டுக்காரர் என்னை வழியனுப்ப லிஃப்ட் வரை வந்து, "அண்ணாச்சி, லோன் போட்டுத்தான் வாங்கியிருக்கேன், பேப்பர் காட்டட்டுமா?" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த தடவை ஆளின் உயரத்தையும் உத்தியோகத்தையும் விசாரித்துவிட்டுப் போக வேண்டும் என்பதே அன்று நான் கற்றுக்கொண்ட பாடம். வீட்டைப் பார்த்துக் கதை எடுப்பதே சரியா என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அடுத்து எழுதப் போவது நடந்திருக்காது.

தங்கராஜும் ஜெபாவும் நம் சபையில் திருமணம் செய்துகொண்டவர்கள். தங்கராஜ் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பை தைக்கும் சின்ன கார்கானா வைத்திருக்கிறார். ஜெபா செம்பூரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். திருமண நாள் ஜனவரி மாதக் கடைசியில் வரும். வருஷம் தவறாமல் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைப்பார்கள். பேசுவது நான்.

முதல் வருஷம் கானாவூர்க் கல்யாணம். அடுத்த வருஷம் ரூத்தும் போவாசும். மூன்றாம் வருஷம் அந்த வீட்டில் இன்னும் தொட்டில் வரவில்லை என்று எல்லோரும் கவனித்தார்கள். நானும் கவனித்தேன். கவனித்தவுடன் என் கை பழக்கப்படி அலமாரிக்குப் போனது. ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளுக்காக வேண்டுதல் செய்தான், அவள் கர்ப்பந்தரித்தாள் என்ற கதையைப் பேசினேன். நான்காம் வருஷம் சாராள். பிறகு ராகேல். பிறகு சிம்சோனைப் பெற்ற மனோவாவின் மனைவி. வேதத்தில் பிள்ளையில்லாமல் இருந்து பிள்ளை பெற்ற பெண்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு கதையை இரண்டாம் முறை பேசக்கூடாது என்ற என் சட்டத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. அந்த வீட்டின் வருஷங்கள் என் மனதில் அந்தப் பெண்களின் பெயராலேயே பதிந்தன: சாராள் வருஷம், ராகேல் வருஷம் என்று.

சாராள் வருஷத்தில் மூன்று பாயிண்ட் வைத்தேன். இரண்டாவது, சாராளின் புருஷன் ஆபிரகாம் காத்திருக்கத் தெரியாமல் அவள் வேலைக்காரி ஆகாரைச் சேர்த்துக்கொண்டு குறுக்கு வழியில் பிள்ளை தேடினார், விசுவாசி குறுக்கு வழி தேடக்கூடாது என்பது. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

பெருந்தொற்று வந்த வருஷம், அது வருமுன் ஜனவரியில், அன்னாள் வந்தாள். அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற அன்னாளின் கதை உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஒற்றை அறையில் இடமில்லாமல் வெளியே இரும்பு ஏணிப்படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராஜின் அக்கா முலுண்டிலிருந்து வந்திருந்தார். பேசப் பேச அவர் அழுதார். அதைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள். என் குரல் உயர்ந்தது. "அடுத்த வருஷம் இதே வீட்டில் ஒரு சாமுவேல் தவழுவான்" என்றேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பைக் கர்த்தருடைய வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெபா கதவோரம் நின்று பூந்தியும் மிக்சரும் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஆமென் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு அது மட்டும் ஞாபகமில்லை. அவள் பக்கம் நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த வருஷம் ஊரே அடைந்து கிடந்ததால் கூட்டம் கைபேசியில் நடந்தது. எலிசா தீர்க்கதரிசிக்கு மேலறை கட்டிக்கொடுத்துப் பிள்ளை வரம் பெற்ற சூனேம் ஊர்ப் பெண்ணைப் பேசினேன். அதற்கு அடுத்த ஜனவரி, கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, பாட்டு எதுவென்று கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கராஜ் கார்கானாவில் இருந்தார். ஜெபா டீ போட்டுத் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் யாரு அண்ணாச்சி?"

எலிசபெத்து என்றேன்.

"அவளுக்கு ரொம்ப வயசாயிட்டுல்லா. அப்ப எனக்கு இன்னும் டைம் இருக்குன்னு சொல்லுதீங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு, அவளுக்குப் பிறகு இன்னும் யாராவது பாக்கி இருக்கிறார்களா, இல்லை எலிசபெத்தோடு முடிந்ததா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அலுவலகத்தில் இன்னும் எத்தனை பார்சல் பாக்கி என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஒரு குழந்தையைத் தத்து எடுக்க அவளுக்கு ஆசை. செம்பூரில் விசாரித்துவிட்டாள். முறையாகப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், புருஷன் மனைவி இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். நாள் போகப்போகக் கைக்குழந்தை கிடைக்காது, வளர்ந்த பிள்ளைதான் கிடைக்கும். கைக்குழந்தைக்கு இந்த ஒரு வருஷந்தான் மிச்சம். தங்கராஜ் சம்மதிக்கவில்லை.

"அவுகளுக்கு மனசு இருக்கு அண்ணாச்சி. ரோட்டுல சின்னப் பிள்ளையளைப் பாத்தா நின்னு பாத்துட்டுத்தான் வருவாக. ஆனா வாக்கு இருக்கையில தத்து எடுத்தா, ஆபிரகாம் ஆகாரைச் சேத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு சொல்லுதாக."

"அப்படி யாரும்மா சொன்னது?"

"நீங்கதான். சாராள் வருஷம். ரெண்டாவது பாயிண்ட்."

எனக்கு மட்டுந்தான் ஞாபகசக்தி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று ஜெபா கேட்டாள். தத்து எடுப்பது அவிசுவாசம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். "நீங்க சொன்னா அவுக கேப்பாக. நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் இப்படி இருக்காக." சரி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நெருக்கடியில் எப்படித் தீர்மானிப்பது என்று உங்களைப் போன்றவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் தீர்மானித்த விதத்தைச் சொல்கிறேன். கூட்டத்தன்று வீடு நிறைந்திருந்தது. அன்னாள் வருஷத்தில் அழுத அதே அக்கா முன்வரிசையில் இருந்தார். நான் வேதத்தைத் திறப்பதற்கு முன்பே பக்கத்திலிருந்தவரிடம், "அண்ணாச்சி அன்னைக்கு ஒரு வாக்கு சொல்லியிருக்காங்க, கர்த்தர் தாமதிச்சாலும் செய்வாரு" என்றார். தங்கராஜ் தலையசைத்தார். ஜெபா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தத்து எடுக்கலாம் என்று அங்கே சொன்னால், அன்றைக்குச் சொன்ன வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அதற்கு நான், அது என் வாயிலிருந்து வந்தது, கர்த்தரிடமிருந்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த அறையில், அந்த முகங்களுக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எலிசபெத்தையே பேசினேன். முதிர்வயது கர்த்தருக்குத் தடையல்ல என்று மூன்று பாயிண்ட். எல்லாம் முடிந்த பிறகு ஜெபா தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள். அந்தப் பூந்தியை நான் தின்றேன்.

அப்போது எங்கள் சபையின் குருவானவர் ஓய்வுபெற இருந்தவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் தாட்சண்யம் பார்க்கமாட்டார். சில நாள் கழித்து அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இத்தனை வருஷம் அந்த வீட்டுல பேசினீரே. அதுல கிறிஸ்து எங்க வே வந்தாரு?"

நான் யோசித்தேன். வருஷம் வருஷமாக, பாயிண்ட் பாயிண்டாக மனதில் தேடினேன். ஈசாக்கு வந்தான், சிம்சோன் வந்தான், சாமுவேல் வந்தான்.

"கடைசி ஜெபத்துல வந்தாரு, ஐயா."

"அதாவது கூட்டத்தை முடிக்கிறதுக்கு. இயேசுவின் நாமத்தில் ஆமென், பூந்தி எடுங்க."

அவர் சிரிக்கவில்லை. வேதத்தில் எலிசபெத்து வரும் அதிகாரத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். நான் கூட்டத்தில் வாசித்து நிறுத்திய இடத்துக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாரும் என்றார். அடுத்து மரியாள் அந்த வீட்டுக்குள் வருகிறாள். அவள் வயிற்றில் ஆண்டவர் இருக்கிறார். எலிசபெத்தின் வயிற்றிலிருந்த பிள்ளை அவரை அறிந்து துள்ளுகிறது. பிறக்காத பிள்ளைக்குத் தெரிந்தவர் எனக்குத் தெரியவில்லை. எலிசபெத்தின் வயதை நிரூபித்துவிட்டு, அவர் வாசலுக்கு வருமுன்னே புத்தகத்தை மூடியிருக்கிறேன்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சுருக்குகிறேன். அழுதவர்களுக்கெல்லாம் பிள்ளை கிடைக்கும் என்று உறுதி கொடுக்க அந்தப் பெண்களின் கதைகள் எழுதப்படவில்லை. மனுஷனால் ஆகாது என்ற இடத்தில் தேவன் தம்முடைய வேலையை நடத்திக்கொண்டு போகிறார், அந்த வழி ஒரே பிள்ளையிடம் போய்ச் சேருகிறது. அந்தப் பிள்ளை பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் ஒன்றுபோலக் கொடுக்கப்பட்டவர். ஜெபாவுக்கு அவர் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறார். நானோ அவள் வாசலில் வருஷா வருஷம் வந்து நின்று, உனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று வெவ்வேறு பெயர்களில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளை யாரு வீட்டுல வளந்தாரு, சொல்லும்."

"யோசேப்பு வீட்டுல." மரியாளின் புருஷன், நாசரேத்துத் தச்சன் யோசேப்பு.

"பெத்த தகப்பனா?"

"இல்ல."

"பேரு வச்சது யாரு?"

"யோசேப்புதான்."

"அந்த ஆளை நீரு ஏன் அந்த வீட்டுக்கு ஒரு வருஷமும் கூட்டிட்டுப் போகல?"

ஏனென்றால் யோசேப்பு வீட்டில் குழந்தையில்லாத குறை இல்லை. நான் குறைகளுக்குக் கதை தேடிக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் இரண்டு காரியம் சொன்னார். முதலில் தங்கராஜிடம் போகவேண்டும். பிறகு, ஊரறியச் சொன்னதை ஊரறியத் திரும்ப எடுக்கவேண்டும்.

மறுநாளே கார்கானாவுக்குப் போனேன். நாலைந்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி திறக்கும் சீசனுக்கு இப்போதே தைக்கத் தொடங்கிவிடுவார்கள். தங்கராஜ் எழுந்து ஸ்டூல் போட்டார், பையனை அனுப்பி அரை கிளாஸ் டீ, கட்டிங் சாய், வாங்கச் சொன்னார். நான் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். தத்து எடுப்பதை ஆகாரோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது, நான் பேசியதில் ஒரு தெளிவுக்குறை இருந்தது என்றேன்.

"ஜெபா உங்ககிட்ட பேசினாளா?"

பேசினாள் என்றேன்.

"அப்ப அவளுக்காக மாத்திப் பேசுதீங்க." அவர் குரலில் கோபமில்லை, எனக்காக வருத்தப்படுவதுபோல இருந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லுங்க அண்ணாச்சி. அடுத்த வருஷம் பிள்ளை தவழும்னு சொன்னது கர்த்தரா, நீங்களா?"

கர்த்தருடைய நேரம் வேறு, நம்முடைய நேரம் வேறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்த வாக்கியம் என் நாக்கு வரை வந்துவிட்டது. அதை யாரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

"நான்தான்" என்றேன். "கர்த்தர் இல்ல."

அவர் கையை நீட்டி, தன் மெஷினை நிறுத்தினார். அதைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். அந்தச் சந்தில் பகல் நேரத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

"அப்ப நான் எதுக்காக அண்ணாச்சி காத்துக்கிட்டு இருந்தேன்?"

என்னிடம் இருந்ததையெல்லாம் அந்த வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தேன். அவர் வெளியே போய்விட்டார். சாய் வந்தது. யார் வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் பையன் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

லெந்து என்னும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு குருவானவர் எனக்குப் பிரசங்க பீடத்தைக் கொடுத்தார். யோசேப்பைப் பேசினேன். கிறிஸ்துமஸ் கதையை இப்போது எதற்கு எடுக்கிறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். தேவன் தம்முடைய சொந்தக் குமாரனை, அவரைப் பெறாத ஒரு தகப்பன் கையில் நம்பிக் கொடுத்தார், அந்தத் தகப்பன் பெயர் வைத்து, தன் வம்சத்தில் சேர்த்து, தொழில் சொல்லிக்கொடுத்து வளர்த்தார் என்றேன். நாம் எல்லோரும் தேவனுடைய வீட்டுக்குள் வந்ததும் அப்படித்தான், பிறப்பால் அல்ல, அவர் தம் குமாரன் நிமித்தம் நம்மைப் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொண்டதால் என்றேன். பிறகு, ஒரு வீட்டில் கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னதாக நான் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். வீட்டின் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். அந்த முலுண்ட் அக்கா பாதியில் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு என்னைப் பல வீடுகளில் கூப்பிடவில்லை. அது நியாயம்தான்.

தங்கராஜ் அன்று வரவில்லை. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் வரவில்லை. ஜெபா மட்டும் தனியாக வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். என் தவறு ஒரு மனிதனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது என்று ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காலி இடத்தைப் பார்ப்பேன். அடுத்த ஜனவரியில் அவர்கள் வீட்டில் கூட்டம் வைக்கவில்லை. அந்த வருஷத்துக்கு என்னிடம் பெயர் கிடையாது.

அதே வருஷம் பள்ளி திறந்த மழைக்காலத்தில் ஒருநாள் ஆராதனை தொடங்கிய பிறகு தங்கராஜ் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார். நான் பேசிய யோசேப்பை ஜெபா போனில் பதிந்து வைத்திருந்தாளாம். ஒரு வருஷம் அதைக் கேட்காமலே இருந்தாராம். "போன வாரம் கேட்டேன்" என்றார். சில வாரம் கழித்து ஜெபா வந்து, பதிந்துவிட்டோம் என்றாள். கைக்குழந்தைக்கான வயது வரம்பை அதற்குள் அவர்கள் தாண்டியிருந்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் பிள்ளை வந்தது. ஐந்து வயதுப் பெண். பெயர் குஷி. மராட்டியும் கொஞ்சம் இந்தியும் பேசுவாள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்தோத்திர ஜெபத்துக்கு வரும்படி தங்கராஜ் போன் செய்தார். "அண்ணாச்சி, நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க. பேசுறது வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மிளகாய் குறைவாகப் போடுங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

போனேன். அந்த அறையில் ஒரு சின்னச் சைக்கிள் வந்திருந்தது. தங்கராஜ் தானே வேதத்தை எடுத்து, யோசேப்பு பிள்ளைக்குப் பெயரிட்ட இடத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். சிலர், ஞானஸ்நானத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். "பேரை மாத்தல. குஷின்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கா" என்றார் தங்கராஜ். "யோசேப்பும் அவரு இஷ்டத்துக்கா பேரு வச்சாரு? தூதன் சொன்ன பேரைத்தான வச்சாரு." அந்தக் கதையை நான் எத்தனையோ டிசம்பரில் வாசித்திருக்கிறேன். அது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜெபம் செய்தேன். இயேசுவைக் கடைசியில் கூப்பிடவில்லை, முதலிலேயே கூப்பிட்டேன். குரல் உயரவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இந்த வீட்டுக்கு எந்தக் கதை பொருந்தும் என்று தேடாதீர்கள். கதையை முன்பே வாசித்துவிட்டுப் போங்கள். அதில் நாம் யார் என்று கேட்கும் முன்னால், அவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அவரைக் காணவில்லை என்றால் இன்னும் வாசித்து முடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டின் குறையை அவர்கள் வாயால் சொல்லும்வரை தொடாதீர்கள். அவர் வாக்களிக்காததை அவர் பெயரில் வாக்களிக்காதீர்கள். அறை முழுவதும் ஆமென் சொன்னாலும், கதவோரம் தட்டு வைத்துக்கொண்டிருப்பவர் சொல்லுகிறாரா என்று பாருங்கள்.

அந்த ஸ்தோத்திர ஜெபத்தன்று எல்லோரும் போன பிறகு, குஷியின் பிறந்த நாள் என்றைக்கு என்று ஜெபாவிடம் கேட்டேன். தேதி கேட்பது என் பழக்கம். கேட்டிருக்கக் கூடாது. மே மாதம், பெருந்தொற்றுக்கு முந்தைய வருஷம் என்றாள். குழந்தை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தது. "தவழ்ந்தது, நடந்தது எதையும் நாங்க பாக்கல அண்ணாச்சி. அது மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அன்னாள் வருஷத்து ஜனவரியில், இதே அறையில் நின்று, அடுத்த வருஷம் ஒரு பிள்ளை தவழும் என்று நான் முழங்கிய அந்தச் சாயங்காலம், குஷிக்கு எட்டு மாதம். எங்கேயோ ஒரு தரையில் அவள் அப்போதே தவழ்ந்துகொண்டிருந்தாள்.

இதை நான் ஜெபாவிடம் சொல்லவில்லை. அவளும் கணக்குப் போடத் தெரிந்தவள்.